கழுத்து உதறலும் 'டக்' என்ற சத்தமும்

எமது கிராமக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. ரொறன்ரோவில் இருக்கும் மகனோ மருமகனோ தொலைபேசியில் பேசுகிறார். தனது காரைப் பின்னால் வந்த கார் இடித்துவிட்டதாகவும், கழுத்து நோவுக்காகக் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை 'கைரோபிராக்ரர்' என்ற ஒருவரிடம் போய் வருவதாகவும் சொல்கிறார். அவர் தலையைப் பிடித்து ஒரு பக்கம் திருப்பி 'டக்' என்று சத்தம் வரச் செய்கிறாராம். காசைக் காப்புறுதிக் கொம்பனி கொடுக்கிறதாம். கேட்டுக்கொண்டிருக்கும் தகப்பனுக்குத் தன்னுடைய கழுத்து நினைவுக்கு வருகிறது. உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்த நாள் முதல் அவருக்கும் அதே நோ. அப்படியானால் இங்கே யாரிடம் போய்க் கழுத்தை முறித்துக்கொள்ளலாம் என்று எம்மிடம் கேட்கிறார்.

கழுத்தை முறிப்பவர் ஒருவரைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பதே எமது பதில். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு நிறுத்துவது நியாயமாகாது. கனடாவில் உள்ளவர்கள் ஏமாறுகிறார்கள் என்று நாம் கூறவில்லை. அங்கே அந்தக் கைகளால் கிடைக்கும் நன்மையில் பெரும்பகுதியை இங்கே வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே பெறலாம். அந்தக் கைகளோடு சேர்ந்து வரக்கூடிய ஆபத்தையும் தவிர்த்துக்கொள்ளலாம். இதனையே இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம். காணியையும் மாட்டையும் கிணற்றையும் விட்டு வந்த குடும்பத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் உடம்புதான் சீவியம். அது கழுத்து நோவால் ஆறு மாதம் முடங்கினாலே வீட்டில் உலை ஏறாது. தவறான ஒரு திருகலால் நிரந்தரமாக முடங்கினால் என்ன செய்வது?

உதறல் எப்படி நிகழ்கிறது?

மனிதருடைய தலை நாலரை முதல் ஐந்து கிலோ வரை நிறையுடையது. ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றுக்குச் சமமான இந்தப் பாரத்தைக் கழுத்தில் உள்ள ஏழு சிறிய எலும்புகள் தாங்குகின்றன. தாங்குவதோடு நில்லாமல் எல்லாப் பக்கமும் திரும்பவும் விடுகின்றன. தலையை இடமும் வலமும் திருப்பும்போது, அந்தத் திருப்பத்தில் ஏறத்தாழ அரைவாசி மேலேயுள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலேயே நடைபெறுகிறது. இதை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

நிற்கும் கார் ஒன்றைப் பின்னால் வந்த கார் மோதும்போது, இருக்கை உடம்பை முன்னே தள்ளுகிறது. தலையோ நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட கழுத்து ஒரு கணம் பாம்பு போல வளைகிறது. அதன் கீழ்ப்பகுதி பின்னுக்கும் மேற்பகுதி முன்னுக்கும் மடிகிறது. அதன் பிறகே தலை பின்னுக்குப் போய் முன்னுக்கு வீசப்படுகிறது. அந்தப் பாம்பு வளைவு ஒரு செக்கனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வந்துவிடுவதால், தசைகள் இறுகித் தற்காத்துக்கொள்ள நேரம் போதாது. எலும்புகளின் பின்புறத்தில் உள்ள சிறு மூட்டுகளும் அவற்றைச் சுற்றிய சவ்வும் நார்களும் இழுபடுகின்றன. சவுக்கை வீசும்போது அதன் நுனி உதறுவது போன்ற இந்த அசைவுக்கு அமெரிக்க எலும்பு வைத்தியர் ஹரோல்ட் குரோ 1928 ஆம் ஆண்டு 'விப்லாஷ்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். சவுக்கடி என்று பொருள். நாம் இங்கே உதறல் என்று எழுதுகிறோம்.

கார் இல்லாதவருக்கும் உதறல் வரும். லான்ட்மாஸ்டர் பெட்டியில் விறகுக் கட்டின் மேல் இருந்து போகும்போது சில்லு பள்ளத்தில் விழுந்தால் வரும். பஸ் சாரதி திடீரெனப் பிறேக் போட்டாலும், மோட்டார் சைக்கிளைப் பின்னால் வந்த வான் தட்டினாலும் வரும். முரட்டு மாடு கயிற்றோடு ஆளை இழுத்து விழுத்தினாலும் வரும். இதில் ஒரு குழப்பம் உண்டு. நோ பெரும்பாலும் உடனே வருவதில்லை. அன்றிரவோ மறுநாட் காலையோதான் பிடரி இறுகி, தலையைத் திருப்ப முடியாமல், பின்மண்டையில் இடியும் தோளில் உளைவுமாகத் தொடங்கும். ஆகவே பலர் அதனை விழுந்ததோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பனி பட்டுவிட்டது, தலையணை பிழைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கைரோபிராக்ரிக் என்பது என்ன?

இந்த வைத்தியத்தைத் தொடக்கியவர் டானியல் டேவிட் பால்மர். அவர் 1845 ஆம் ஆண்டு பிறந்தது ரொறன்ரோவுக்கு அருகேயுள்ள பிக்கறிங்கில். இன்று எமது மக்களும் வீடு வாங்கிக் குடியிருக்கும் பகுதி அது. அவர் அமெரிக்காவுக்குப் போய், அயோவா மாநிலத்தின் டவன்போர்ட் நகரில் கை வைத்தியம் செய்துவந்தார். 1895 செப்டெம்பரில், 17 ஆண்டுகளாகக் காது மந்தமாக இருந்த ஹார்வி லிலார்ட் என்ற கட்டடத் துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பு ஒன்றைக் கையால் அழுத்தித் தள்ளியதும் அவருக்குக் காது கேட்டதாகப் பால்மர் கூறினார். காது நரம்பு முதுகு வழியாகப் போவதில்லை. எனவே வைத்திய உலகம் இந்தக் கதையை ஒருபோதும் முழுதாக நம்பியதில்லை. கையால் செய்வது என்ற பொருளில் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இதற்குப் பெயர் கொடுத்தவர் அவரிடம் வைத்தியம் பெற்ற சாமுவேல் வீட் என்ற போதகர். அனுமதியின்றி வைத்தியம் செய்தார் என்று 1906 ஆம் ஆண்டு பால்மர் சிறையும் சென்றார்.

எலும்பு இடம் விலகுவதே ஏறக்குறைய எல்லா நோய்க்கும் காரணம் என்பது அவருடைய கொள்கை. இன்றைய விஞ்ஞானம் அதை ஏற்பதில்லை. அத்துறையில் உள்ளவர்களிலேயே பலர் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் நாரி நோ, கழுத்து நோ ஆகியவற்றுக்குக் கையால் செய்யும் சிகிச்சை என்ற அளவில் அது நிலைத்துவிட்டது. ஒன்ராறியோ மாகாணம் 1925 ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தின் மூலம் இத்தொழிலைக் கட்டுப்படுத்தி வருகிறது. ரொறன்ரோவில் 1945 இல் தொடங்கப்பட்ட கல்லூரியில் நான்கு வருடப் படிப்பு உண்டு. வாகன விபத்தில் சிறு காயமடைந்தவருக்கு 3,500 டொலர் வரை சிகிச்சைச் செலவைக் காப்புறுதி ஏற்கும் ஒழுங்கு 2010 செப்டெம்பரில் அம்மாகாணத்தில் வந்தது. சாதாரண கழுத்து உதறல் அந்தச் சிறு காயங்களுக்குள் அடங்குகிறது. மருமகன் கிழமைக்கு மூன்று தரம் போவதன் பின்னணி இதுதான். அங்கே சிகிச்சையின் அளவை நோவு மட்டும் தீர்மானிப்பதில்லை, காப்புறுதியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்று நாம் சொன்னால் அவர் கோபிக்கமாட்டார் என நம்புகிறோம்.

சரி, அந்த 'டக்' என்ற சத்தம் எதனால்? விலகிய எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைக்கிறோம். அப்படியல்ல. கனடாவின் அல்பேர்ட்டாவில் விரல் மூட்டுகளை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்து இழுத்துப் பார்த்த ஆய்வொன்று 2015 இல் வெளியானது. மூட்டின் இரு முகங்களும் சடுதியாக விலகும்போது, உள்ளே இருக்கும் வழுவழுப்பான திரவத்தில் ஒரு வாயுக் குழி தோன்றுகிறது. அந்த நேரத்திலேயே சத்தம் கேட்கிறது. நாம் கைவிரலில் நெட்டி முறிக்கும்போது வரும் அதே சத்தம். விரலில் எந்த எலும்பும் இடம் விலகியிருக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தள்ளல் சுற்றியுள்ள தசைகளைச் சிறிது நேரம் தளரச் செய்வதும், நோவைக் குறைப்பதும் உண்மையே. ஆகவேதான் முறித்ததும் சுகம் தெரிகிறது.

அப்படியானால் பயன் எவ்வளவு? அமெரிக்காவின் மினசோட்டாவில் கழுத்து நோ உள்ள 272 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பன்னிரண்டு கிழமை வரை கைரோபிராக்ரிக் சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு மருந்து. மூன்றாவது பிரிவினருக்கு ஒரு மணித்தியால வகுப்பு இரண்டே இரண்டு. அதில் வீட்டில் கழுத்தை மெதுவாக அசைக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முடிவு 2012 இல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களைவிடக் கை வைத்தியம் பெற்றவர்கள் அதிகம் தேறியிருந்தார்கள். ஆனால் வீட்டுப் பயிற்சி செய்தவர்களும் கை வைத்தியம் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவாகவே தேறியிருந்தார்கள். இது சாதாரண கழுத்து நோவுக்குச் செய்த ஆய்வு; விபத்து உதறலுக்கென்றே செய்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உதறலைப் பொறுத்தவரை, 2000 ஆம் ஆண்டு வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு முக்கியமானது. விபத்து நடந்து நான்கு நாட்களுக்குள் கழுத்தைச் சிறிய அளவில் மெதுவாகத் திருப்பத் தொடங்கியவர்களுக்கு, ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டவர்களைவிட நோ நன்றாகக் குறைந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கூடிய நிபுணர் குழு 1995 இல் ஏற்கனவே இதே திசையில் சொல்லியிருந்தது: கழுத்துப் பட்டியைப் போட்டுக்கொண்டு நாட்கணக்கில் படுத்திருப்பதைவிட, பயமின்றி வழக்கமான வேலைகளுக்கு மெல்ல மெல்லத் திரும்புவதே நல்லது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் பக்கத்துத் துளைகளுக்கூடாக, மணிகளில் நூல் கோர்த்தது போல மேலே ஏறுகின்றன. உச்சியில் முதலாவது எலும்பைச் சுற்றி வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. தலையைத் திருப்பும்போது அதிகம் அசைவது மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகள் என்று முன்னர் சொன்னோம். யாராவது தலையைப் பிடித்துச் சடுதியாகத் திருகும்போது குழாய் அந்த இடத்தில் இழுபடுகிறது. அரிதாக அதன் உட்தோல் கிழியும். கிழிந்த இடத்தில் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய் அடைத்தால் பாரிசவாதம். இளம் வயதினருக்கும் இது நிகழலாம்.

இது எத்தனை பேருக்கு நிகழ்கிறது என்பதில் விவாதம் உண்டு. ஒன்ராறியோவில் 2008 இல் வெளியான பெரிய ஆய்வொன்று, கைரோபிராக்ரரிடம் போன பின் இந்நோய் வந்தவர்களைப் போலவே, சாதாரண குடும்ப வைத்தியரிடம் போன பின் வந்தவர்களும் இருந்ததைக் காட்டியது. அதாவது குழாய் கிழியத் தொடங்கியதால் ஏற்பட்ட கழுத்து நோவுக்காகவே அவர்கள் வைத்தியரைத் தேடிப் போயிருக்கலாம். நியாயமான கருத்துத்தான். ஆனால் அதை எமது நிலையில் வைத்து யோசித்துப் பாருங்கள். வந்திருக்கும் நோ கிழிந்த குழாயினுடையதாகவும் இருக்கலாம் என்றால், அந்தக் கழுத்தைத் திருகுவது இன்னும் பிழையல்லவா? அதைப் பிரித்தறியப் பல வருடம் படித்தவரே திணறும்போது, படியாதவர் கையில் கழுத்தை எப்படிக் கொடுப்பது?

இந்த இடத்தில் சலூன்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தலைமயிர் வெட்டி முடிந்ததும் தலையைத் தட்டி, நாடியைப் பிடித்து, இப்பக்கம் ஒரு முறி, அப்பக்கம் ஒரு முறி என்று முறித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அன்பாகச் செய்கிறார்கள், காசும் கேட்பதில்லை. வேண்டாம் தம்பி என்று மரியாதையாகச் சொல்லி எழும்பிவிடுங்கள். முறிவு நெரிவு வைத்தியரிடமும் அப்படியே. கை கால் முறிவுக்கும் சுளுக்குக்கும் பத்துப் போட்டு, கட்டுக் கட்டிப் பயன் பெற்றவர்கள் எம்மிடையே ஏராளம். அந்தக் கைப்பழக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கழுத்துக்கு எண்ணெய் பூசி மேலாகத் தடவுவதிலும் கெடுதல் இல்லை. ஆனால் தலையைப் பிடித்து இழுக்கவோ திருகவோ அவர் ஆயத்தமானால் தடுத்துவிட வேண்டும்.

திருகிய பின்போ, உதறல் பட்ட பின்போ, முன்னொருபோதும் இல்லாத மாதிரியான கடும் தலையிடி அல்லது கழுத்து நோ திடீரெனத் தோன்றி, அதனோடு தலைச்சுற்று, பொருள்கள் இரண்டாகத் தெரிதல், நாக்குக் குழறுதல், விழுங்கச் சிரமம், நடக்கும்போது ஒரு பக்கம் சாய்தல், முகத்தின் ஒரு பாதி விறைத்தல் ஆகியவற்றில் ஏதும் சேர்ந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.

விழுந்தவரைத் தூக்குவதற்கு முன்

இதுவரை கூறியது எலும்பு முறியாத கழுத்தைப் பற்றியது. பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவர், வாகனம் புரண்டதில் அகப்பட்டவர், கேணியில் தலைகீழாகக் குதித்து அடிபட்டவர் ஆகியோருக்குக் கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். முறிந்த எலும்பு உள்ளே ஓடும் நரம்புத் தண்டை இன்னும் வெட்டாமல் இருக்கலாம். அதை வெட்ட வைப்பது பல வேளைகளில் அவரைத் தூக்க ஓடிவரும் அன்பான கைகள்தான். ஒருவர் கமக்கட்டிலும் இன்னொருவர் காலிலும் பிடித்துத் தூக்க, தலை தொங்குகிறது. அல்லது ஓட்டோவின் பின் ஆசனத்தில் மடித்து இருத்துகிறார்கள். நடக்கக்கூடியவராகப் பிழைத்திருக்க வேண்டியவர் சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறார்.

ஆகவே அவரை எழுப்பி இருத்த வேண்டாம். ஒருவர் அவருடைய தலைமாட்டில் முழந்தாளிட்டு, இரு கைகளாலும் தலையின் இரு பக்கங்களையும் பிடித்து, கிடந்தபடியே அசையாமல் வைத்திருக்கட்டும். அம்புலன்ஸ் வரும் வரை அந்தக் கைகள் எடுபடக் கூடாது. தண்ணீர் பருக்க வேண்டாம். மூச்சு விடச் சிரமம் இல்லாவிட்டால் தலைக்கவசத்தையும் கழற்ற வேண்டாம். சத்தி எடுத்தால் தலையை மட்டும் திருப்பாமல், மூன்று நான்கு பேர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு, கால் யாவும் ஒரே மரக்குற்றி போல உருளும்படி முழு உடம்பையும் பக்கமாகப் புரட்ட வேண்டும். அம்புலன்ஸ் வர வழியே இல்லாத இடமென்றால், கழற்றிய கதவு அல்லது அகலமான பலகை ஒன்றின் மேல் அதே முறையில் உருட்டி ஏற்றி, சுருட்டிய சாரங்களைத் தலையின் இரு பக்கமும் அணைத்து வைத்து, நெற்றியையும் உடம்பையும் பலகையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போகலாம். மூச்சு நின்றுவிட்டால் மட்டும் கழுத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லை. மூச்சைக் கவனிப்பதே முதல்.

நடந்து திரிபவருக்கும் சில வேளை எக்ஸ்றே தேவைப்படும். கனடாவின் ஒட்டாவா வைத்தியர்கள் 2001 இல் வெளியிட்ட விதி ஒன்றை இன்று பல நாடுகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகள் பின்பற்றுகின்றன. அதன்படி 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர், மூன்று அடி அல்லது ஐந்து படிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்தவர், வேகமான அல்லது புரண்ட வாகனத்தில் இருந்தவர், சைக்கிளில் போய் மோதுண்டவர், கை கால்களில் விறைப்போ எறும்பு ஊர்வது போன்ற உணர்வோ உள்ளவர் ஆகியோருக்குக் கழுத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். கழுத்தை இரு பக்கமும் பாதியளவுதானும் திருப்ப முடியாதவருக்கும் அப்படியே. இவற்றோடு நாமும் சிலவற்றைச் சேர்க்கலாம். கையில் பிடித்த பொருள் நழுவுதல், நடை தள்ளாடுதல், சிறுநீர் போவது தெரியாதிருத்தல் ஆகியவை நரம்பு நெரிபடுவதன் அடையாளம். காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த கழுத்து நோ எலும்பில் காசநோயாகவும் இருக்கக்கூடும்.

வீட்டில் செய்ய வேண்டியது

மேற்சொன்ன எதுவும் இல்லை, அல்லது வைத்தியர் பார்த்து முறிவில்லை என்று சொல்லிவிட்டார் என்றால், அடுத்த நாளே தொடங்கலாம். திண்ணையிலோ கதிரையிலோ நிமிர்ந்து இருங்கள். தோள்களைத் தளர விடுங்கள். முகத்தை மெதுவாக வலப்பக்கம் திருப்பி, நோ கூடத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, நடுவுக்கு வந்து, இடப்பக்கம் திருப்புங்கள். இப்படிப் பத்துத் தடவை. சுவீடனில் இதையே விழித்திருக்கும் மணித்தியாலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை செய்யச் சொன்னார்கள். வேலைக்குப் போகும் எமக்கு அது கடினம்தான். நாளுக்கு ஆறு முறை செய்தாலும் நல்லது. தண்ணீர் நிரம்பும் வரை குழாயடியில் நிற்கும்போது செய்யலாம். இரண்டாவது, முகத்தைக் கவிழ்க்காமல் நாடியை உள்ளே இழுத்து, பின்னால் உள்ள சுவரைப் பிடரியால் தொடப் போவது போல மூன்று செக்கன் வைத்துவிட்டு விடுதல். மூன்றாவது, இரு தோள்களையும் காது நோக்கி உயர்த்திப் பின்பக்கமாக வட்டமிடுதல். பயிற்சியின்போது சிறிது நோகும். அது கேடல்ல. செய்து முடித்து அரை மணித்தியாலத்துக்குப் பின்னும் நோ கூடியே இருந்தால் திருப்பும் அளவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். கையில் விறைப்பு இறங்கினால் மட்டும் நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

நோவுக்கு பரசிற்றமோல் போதும். நாம் பனடோல் என்று வாங்கும் 500 மில்லிகிராம் குளிசையில் வளர்ந்தவர் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரண்டு, ஒரு நாளில் எட்டுக்கு மேல் இல்லை. ஈரல் நோய் உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் வைத்தியரைக் கேளாமல் அந்த அளவை எடுக்கக் கூடாது. சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துவாயைப் பிடரியில் வைப்பது பயிற்சிக்கு முன் சுகம் தரும்.

படுக்கையைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். பாயில் படுப்பதில் பிழையில்லை. பக்கமாகப் படுக்கும்போது தோளின் அகலத்துக்கு ஏற்ற உயரம் தலைக்குக் கீழே வேண்டும். மல்லாந்து படுக்கும்போது அவ்வளவு உயரம் ஆகாது. ஒரு துவாயைச் சுருட்டிக் கழுத்து வளைவுக்குக் கீழே வைத்தால் போதும். குப்புறப் படுப்பதை விட்டுவிடுங்கள். இரவு முழுவதும் தலை ஒரு பக்கம் திருகியபடி கிடக்கும்.

வேலைக்கு எப்போது போகலாம்? இதில்தான் குடும்பங்களுக்குள் சச்சரவு வருகிறது. நோ முற்றாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சமைப்பது, நாற்றுமேடைக்குத் தண்ணீர் ஊற்றுவது, வெங்காயம் பிரித்துக் கட்டுவது போன்றவற்றை இரண்டு மூன்று நாளில் தொடங்கலாம். தொடர்ந்து குனிந்து களை பிடுங்கும்போது அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து கழுத்தைத் திருப்புங்கள். தலையில் குடமோ விறகோ வைப்பதையும், 50 கிலோ உரப் பையைப் பிடரியில் ஏற்றுவதையும் குறைந்தது ஆறு கிழமைக்குத் தள்ளிப் போடுங்கள். தோள்பட்டையை இழுக்கும் மருந்துத் தாங்கியை அரைவாசி மட்டும் நிரப்பித் தோளில் போடலாம். தண்ணீரை இரண்டு சிறு வாளிகளில் இரு கைகளிலும் சமமாகத் தூக்குவது தலைக்குடத்தைவிட நல்லது. இப்படிச் செய்தால் நடை இரண்டு மடங்காகும். தண்ணீர் எடுப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே என்பதால் இந்தக் காலத்துக்கு ஆண்களும் பிள்ளைகளும் குழாயடிக்குப் போவதுதான் வழி.

உதறல் பட்டவர்களில் பெரும்பாலானோர் முதல் மூன்று மாதத்துக்குள் பெருமளவு தேறுகிறார்கள். ஒரு வருடத்தின் பின்னும் ஏதோ அளவில் நோ உள்ளவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். யாருக்கு நீடிக்கும் என்பதில் பயமும் ஒரு பங்கு வகிக்கிறது. லித்துவேனியா நாட்டின் கௌனாஸ் நகரில், பின்னால் இருந்து வாகனம் மோதிய 202 பேரை ஒன்று முதல் மூன்று வருடங்களின் பின் விசாரித்தார்கள். விபத்தே நிகழாத மற்றவர்களைவிட அவர்களிடம் கழுத்து நோ அதிகம் இருக்கவில்லை என்று 1996 இல் எழுதினார்கள். விபத்துக் காப்புறுதி வைத்திருந்தவர்கள் அங்கே அப்போது மிகச் சிலரே. கழுத்து நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று யாரும் யாரையும் பயமுறுத்தவும் இல்லை. ஆய்வு முறையைக் குறை கூறியவர்களும் உண்டு. ஆயினும், இனி உன்னால் மண்வெட்டி பிடிக்க முடியாது என்று நோயாளிக்கு முன்னால் சொல்லும் உறவினர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

மூன்று மாதம் கடந்தும் குறையாத நோவுக்குப் போதனா வைத்தியசாலைகளிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் உள்ள இயன்மருத்துவப் பிரிவை நாடுங்கள். வெளிநோயாளர் பிரிவு வைத்தியர் துண்டு எழுதித் தருவார், கட்டணம் இல்லை. அங்கேயும் கையால் மூட்டுகளை மெதுவாக அசைப்பார்கள், பயிற்சியும் சொல்லித் தருவார்கள். போகும்போது இன்னொன்றைச் சொல்ல மறவாதீர்கள். யுத்த காலத்தில் பட்ட செல் துண்டோ சன்னமோ இன்னமும் உடம்பில் இருப்பவர்கள் எம்மிடையே பலர். கழுத்து, தலை, கண் பகுதியில் அப்படி ஏதும் இருந்தால், அல்லது இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், கழுத்தில் கை வைக்கும் எவருக்கும் முதலில் அதனைச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. படம் எடுக்க அனுப்பினால் அங்கேயும் சொல்லுங்கள். அந்த இயந்திரம் பெருங்காந்தம். உள்ளே உள்ள இரும்புத் துண்டை அது அசைத்துவிடும். முதலில் ஒரு எக்ஸ்றே எடுத்துத் துண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்த பின்பே மற்றவை. பழைய கிளினிக் கொப்பியும் எக்ஸ்றேயும் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், காயம் பட்ட ஆண்டையும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி மடித்து அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.